கிணறு பார்க்கப் போன நர்ஸ்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எனக்கு ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. போன மாதம் பழைய ஆஸ்பத்திரிக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். சும்மா என்பது பொய். வீட்டில் எனக்குத் தேங்காய் துருவும் உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து தப்பித்துத்தான் போனேன்.

தீராத நோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பிரிவு எங்களுடையது. இப்போது அங்கே ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ஷீபா என்கிற இளம் நர்ஸ் அதைத் திறந்து காட்டினாள். நோயாளி குழந்தை என்றால் தனியாக ஒரு பக்கம் வருகிறது. அதன் அடியில் கடைசிக் கேள்வி: பெற்றோரின் மனநிலை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு. விரலால் இழுத்து ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும்.

“அண்ணா, இத எங்க கொண்டு நிறுத்தணும்னே எனக்குத் தெரியல்ல. நீங்கல்லாம் எப்பிடி செஞ்சிய?”

“நான் அந்த நேரம் பாத்து கிணறு பாக்கப் போயிருவேன் மக்கா.”

சிரித்தாள். வழக்கமான தாணு அண்ணன் வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். வேடிக்கையே இல்லை. என் முப்பத்திரண்டு வருட சர்வீசைப் பற்றி நான் சொன்ன மிக உண்மையான வாக்கியங்களில் அது ஒன்று. அதை அவளுக்கு விளக்கிச் சொல்லப் போய்த்தான் இவ்வளவும் நினைவுக்கு வந்தது.

நான் பூதப்பாண்டிப் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரன். எங்கள் குடும்பத்தில் யாரும் நர்ஸ் ஆனதில்லை, அதிலும் ஆண் நர்ஸ். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் “மாப்பிள டாக்டரா?” என்று கேட்டார்கள். “டாக்டருக்குப் பக்கத்துல நிப்பான்” என்றார் என் அப்பா. படித்ததும், சம்பளமில்லாமல் பயிற்சி பார்த்ததும், வார்டில் பதினைந்து வருடம் ஓடியதும் சொல்லி முடிகிற கதையல்ல. ஊசி போடுவேன், குழாய் செருகுவேன், பெரிய காயத்தைக் கட்டுவேன். கை நடுங்காது. சாகப்போகிற கிழவரிடம் சீட்டு விளையாடித் தோற்றுக் கொடுப்பேன். எனக்கு நடுங்குவது ஒரே ஓர் இடத்தில்தான். குழந்தைக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய வீட்டின் வாசலில். அங்கே பிள்ளையைக்கூடப் பார்த்துவிடுவேன். அந்த அம்மையின் முகத்தைப் பார்க்கப் பயம். அப்பாவின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம்.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு இரண்டும் வரும், கூடவே ஒரு கேள்வியும் வரும். நான் கூப்பிடாமலே வாயிலிருந்து குதித்துவிடும்.

“வீட்டுல கிணறு உண்டா?”

உண்டு என்றால் உடனே பின்பக்கம் போய்விடுவேன். எட்டிப் பார்ப்பேன். “வெள்ளம் நல்லா கெடக்கே” என்பேன். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். ஐந்து நிமிடம் ஓடிவிடும். இப்படியே எங்கள் மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் நான் எட்டிப் பார்க்காத கிணறு குறைவு. தேங்காய்ப்பட்டணம் பக்கம் எந்தக் கிணற்றில் உப்புக் கரிக்கும், சிதறால் பக்கம் எந்தக் கிணற்றில் பாறை தட்டியது என்று என்னைக் கேட்டால் இப்போதும் சொல்வேன்.

இந்தக் குட்டு எமிலி சிஸ்டருக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது.

எமிலி சிஸ்டர்தான் எங்கள் பிரிவின் பொறுப்பு. கன்னியாஸ்திரி இல்லை, சீனியர் நர்ஸ். பரம்பரையாகச் சர்ச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உழைத்த குடும்பம். ஐந்தடிக்கும் கீழே உயரம். பிரிவின் ஆம்னி வேனை அவர்தான் ஓட்டுவார், முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு. எதிரே வருகிறவனுக்கு வேன் தானாக ஓடி வருகிற மாதிரி இருக்கும். நான் பக்கத்தில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பேன்.

“தாணு, நீரு நர்ஸா, கிணறு வெட்டுற காண்ட்ராக்டரா?” என்றார் ஒரு நாள். அவ்வளவுதான். திட்டவில்லை. அவர் எனக்கு ‘நீரு’ போட்டால் பாசம். ‘நீங்க’ என்று சொன்னால்தான் நான் பயப்பட வேண்டும்.

அவர் வேலை செய்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் போடுவார். என்னுடையதையும் வாங்கிப் போடுவார். உள்ளே போனதும் முதல் பேச்சு பிள்ளையோடுதான். அதற்குப் பிறகே மற்றவர்கள். யார் என்ன கேட்டாலும் உட்கார்ந்த பிறகே பதில். நாற்காலி இல்லையென்றால் தரை.

“நிக்கிறவன் போகப் போறவன், தாணு. அவன்கிட்ட யாரும் நெசம் கேக்க மாட்டாவ. அவனும் சொல்ல மாட்டான்” என்பார்.

கையில் ஒரு நீள நோட்டு. விரித்தால் இடப்பக்கம் பிள்ளைக்கு: காய்ச்சல், வலி, வயிறு, மருந்தளவு. வலப்பக்கம் அப்பா அம்மைக்கு. அதில் நான்கு கேள்விகள். சாப்பிட்டீங்களா? எவ்வளவு நேரம் உறங்கினீங்க? கடைசியா எதுக்குச் சிரிச்சீங்க? கடைசியா யாருகூட சண்ட போட்டீங்க?

முதல் கேள்விக்கு “சாப்பிட்டாச்சு” என்று சொன்னால் விடமாட்டார். “என்ன கறி?” என்பார். சோற்றுக்கு என்ன குழம்பு என்று ஞாபகம் வராவிட்டால் ‘சாப்பிடவில்லை’ என்று எழுதிவிடுவார். சண்டைக் கேள்வி முதலில் எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. “புருசனும் பொண்டாட்டியும் சண்ட போட்டா எனக்குப் பயமில்ல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பாத்து மரியாதையா பேசுத வீடுதான் பயம்” என்றார். பிற்பாடு புரிந்தது.

ஒரு அம்மை எங்களிடம் எதைக் கேட்டாலும் பதில் சொல்லலாம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் தனி முறை. ‘பிள்ள பிழைக்குமா’ என்றால் உட்கார வேண்டும். ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர்கள் பேசி முடிக்கும்வரை இருக்க வேண்டும். இந்த முறையைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான். படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

இனி அபிஷாவின் வீடு.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து உள்ளே கொஞ்சம் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் புதிதாக வெள்ளையடித்த வீடு. அபிஷாவுக்கு ஒன்பது வயது. ரத்தத்தில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அம்மை சுஜா. அப்பா வில்சன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், லீவில் வர டிக்கெட் எடுத்திருந்தான். வீடு வெள்ளையடித்ததெல்லாம் அந்த ஏசிக் காற்றில்தான்.

சாலை தெரிய வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்ததால் முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். நான் இரண்டாம் தடவை போனபோதே எனக்குப் பேர் வைத்துவிட்டாள்.

“அம்மா, கிணத்து மாமா வந்தாச்சு. சாயா இப்பம் போடாண்டாம். அவரு முதல்ல போய் வெள்ளம் இருக்கான்னு பாத்துட்டு வருவாரு.”

எமிலி சிஸ்டர் நோட்டில் எதையோ எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

அந்த வீட்டின் தொந்தரவு, வருகிற ஆட்கள். சொந்தக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோரும் நல்லவர்கள். கையில் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். இப்படித்தான் இருந்த ஒரு பிள்ளை எழும்பி ஓடின கதை ஒன்றும் கூடவே கொண்டுவருவார்கள். சுஜா ஒவ்வொருவருக்கும் சாயா போட்டுக் கொடுத்து, கண்மூடி ஜெபித்து, வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும். அவள் முதல் வாரத்தில் என்ன கறி என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. சிஸ்டர் ஒரு தாளில் ‘மதியம் ஒன்று முதல் மூன்று வரை தாயாருக்கு ஓய்வு. ஆஸ்பத்திரி உத்தரவு’ என்று எழுதி முத்திரை குத்தி கேட்டில் ஒட்டினார். களைத்துப்போன பெண்ணின் பேச்சை மதிக்காத ஊர் முத்திரையை மதித்தது.

மூன்றாம் தடவை போனபோது சிஸ்டர் பிள்ளைக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தார். நான் சாயா தம்ளரை வைக்க அடுக்களைக்குள் போனேன். நின்றுகொண்டிருந்தேன் என்பதைக் கவனிக்கவும். சுஜா கதவை மெல்லச் சாத்தினாள்.

“அண்ணா, நீங்க சொல்லுங்க. பிள்ள எனக்குக் கிட்டுவாளா?”

நான் எடுத்த வகுப்பெல்லாம் எங்கே போனதோ. கிணற்றை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. வேறு வழி தெரியாமல் வாய் சொன்னது:

“சரியாயிரும்.”

ஒரே வார்த்தை. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வேனில் போய் உட்கார்ந்து, சிஸ்டரிடம் வெயிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

அடுத்த வாரம் போனால் வீடே மாறியிருந்தது. சுஜா தலை குளித்து நல்ல சேலை உடுத்தியிருந்தாள். என்ன கறி? நெத்திலி, மாங்காய் போட்டு. உறக்கம்? ஆறு மணி நேரம். சிரித்ததற்குக்கூடப் பதில் இருந்தது. சிஸ்டர் மகிழ்ந்துபோய் வலப்பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அப்போது கட்டிலிலிருந்து அபிஷா சொன்னாள்:

“அப்பா வியாழக்கிழம வரல்ல சிஸ்டர். டிக்கெட்ட மாத்தியாச்சு. கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாராம்.”

சிஸ்டரின் பேனா நின்றது. கிறிஸ்துமஸுக்கு நான்கு மாதம் இருந்தது. பிள்ளைக்கு நான்கு வாரம் இருந்தால் அதிகம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சுஜா வெட்கத்தோடு விளக்கினாள். வில்சனுக்கு வருடத்தில் ஒரு லீவுதான். இப்போது எடுத்தால் கிறிஸ்துமஸுக்குக் கிடையாது. “தாணு அண்ணன் சரியாயிரும்னு சொன்னாவல்லா. அப்பம் பிள்ள எழும்பின பிறகு வந்தா சேந்து கொண்டாடலாம்னு அவிய சொன்னாவ.”

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். பார்க்காததுதான் என்னைக் கொன்றது.

வேன் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து எனக்கு முதலில் ஊற்றினார்.

“தாணு, நீங்க அத சொன்னப்பம் நின்னுட்டா இருந்தீங்க?”

‘நீங்க.’ நான் தலையாட்டினேன்.

“நானும் ஒருக்கா சொல்லியிருக்கேன். இருவது வருசம் முன்ன. அந்த அம்மைக்கு நான் மாத்திச் சொல்லவே இல்ல. இப்பமும் அவிய ஊரு வழியா வண்டி ஓட்ட மாட்டேன்.” சாயாவைக் குடித்து முடித்தார். “திரும்பிப் போவோம். நீரு சொன்னத நீருதான் மாத்திச் சொல்லணும். நான் பக்கத்துல இருப்பேன். பேச மாட்டேன்.”

திரும்பிப் போகிற இரண்டு கிலோமீட்டரில் நான் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி ரப்பர் தோட்டத்துக்குள் போய்வந்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது, “அங்க போன பிறகு போகலாம்” என்றார்.

அடுக்களையில் சுஜா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உட்கார வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது. உட்கார அங்கே இருந்தது தேங்காய் துருவுகிற பலகை ஒன்றுதான். அதன்மேல் உட்கார்ந்தேன். இரும்பு நாக்கு இரண்டு தொடைக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு ஜாக்கிரதையாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. சிஸ்டர் கதவருகே தரையில் இருந்தார்.

“சுஜா, நான் அன்னைக்குச் சொன்னது நெசமில்ல. பயந்துபோய் சொன்னேன். பிள்ளைக்குச் சரியாவாது.”

அவள் கை நிற்கவில்லை. ஒரு மீனைச் சுத்தம் செய்து சட்டியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் முடித்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணா” என்றாள். “நீங்க சொன்னப்பமே உங்க முகத்துல தெரிஞ்சுது. ஆனா எனக்கு ஒரு வாரம் உறங்கணும்போல இருந்துது. அதான் நம்பிட்டேன்.”

வெளியே அபிஷா ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“அவிய டிக்கெட்ட மாத்தினப்பம் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். வாய் வரல்ல. நான் சொன்னா அது நெசமாயிரும்லா.” கையைக் கழுவி, சேலையில் துடைத்து, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க.”

வீடியோவில் வில்சன் வந்தான். தலையில் ஹெல்மெட், பின்னால் ஏதோ மொட்டை மாடி, வெளுத்த வெயில். என்னைக் கண்டதும் சிரித்தான். “அண்ணா, பிள்ள எப்பிடி இருக்கா?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். சுஜா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“வில்சா, உங்க வீட்டுல கிணறு உண்டா?”

சத்தியமாக. வந்த தடவையெல்லாம் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தவன் நான். கடல் கடந்து ஒருவனைக் கூப்பிட்டு அதைத்தான் கேட்டேன். தரை பிளந்து அந்தக் கிணறே என்னை விழுங்கியிருக்கலாம்.

அவன் சிரிக்கவில்லை. எதிலிருந்தோ இறங்கினான், படம் ஆடியது. ஹெல்மெட்டைக் கழற்றினான். எங்கோ நிழலுக்குள் நடந்தான். எதன்மேலோ உட்கார்ந்தான்.

“உண்டு. அப்பா வெட்டினது” என்றான் மெதுவாக. “வெள்ளம் குறைஞ்சு போச்சா அண்ணா?”

“வெள்ளம் கெடக்கு. நீங்க வரணும். கிறிஸ்துமஸுக்கு வேண்டாம். இப்பம் வரணும்.”

“சுஜாகிட்ட குடுங்க” என்றான். நானும் சிஸ்டரும் வெளியே வந்துவிட்டோம்.

நான்காம் நாள் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். வந்தவன் முன்னறையில் உட்காரவே இல்லை. மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டான். சொட்டுகிற குழாயை மாற்றினான். ஒன்றும் ஆகாத பிரிட்ஜைப் பிரித்துப் போட்டான். அந்த வாரம் சிஸ்டரின் சண்டைக் கேள்விக்குச் சுஜா உடனே பதில் சொன்னாள்: “அவியகூடத்தான். ஓடிட்டிருந்த பிரிட்ஜ கொன்னாச்சு.” சிஸ்டர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். பிறகு நோட்டிலிருந்து தலையெடுக்காமலே என்னிடம் சொன்னார்:

“தாணு, நீரு இன்னைக்குக் கிணறு பாக்கல்லியா?”

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. ஸ்க்ரூடிரைவரோடு நின்ற வில்சனைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“அண்ணா, அவ எங்கிட்ட, அப்பா லீவு எத்தன நாளுன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?”

இந்தத் தடவை எனக்கு முறை ஞாபகம் இருந்தது. “உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுது?”

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழுதான். கம்பெனியைத் திட்டினான், என்னைத் திட்டினான், கடவுளையும் ஒரு பிடி பிடித்தான். எல்லாம் முடிந்து ஒரு வாளி இறைத்து முகம் கழுவினான். உள்ளே போய் முதல் தடவையாகக் கட்டிலில் உட்கார்ந்தான்.

“நீ போகச் சொன்னாத்தான் அப்பா போவேன்.”

“அப்பம் நான் சொல்லவே மாட்டேன்” என்றாள் அபிஷா.

சொல்லவில்லை. பத்தொன்பது நாள் அவன் அந்தக் கட்டிலிலேயே இருந்தான். அவன் தோளில் தலை வைத்து, ஒரு காலையில், சாலையைப் பார்த்தபடியே போனாள்.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒருமுறை போவது சிஸ்டரின் வழக்கம். அன்றைக்கு வாசலில் எனக்குப் பழையபடி வியர்த்தது. கேட்டில் அந்த முத்திரைத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. சுஜா சிஸ்டரை உள்ளே கூட்டிப்போனாள். வில்சன் என் தோளில் கை வைத்தான்.

“வாங்க அண்ணா, கிணறு பாப்போம்.”

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். மழைக்கு வெள்ளம் ஏறியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“அன்னைக்கு போன்ல நீங்க கிணத்தக் கேட்டிய பாத்தியளா. அப்பமே எனக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. மஸ்கட்டுக்கு ஒருத்தன் விளிச்சு கிணறு உண்டான்னு கேக்கணும்னா, அவன் வாயில வேற எதுவோ நிக்குதுன்னுதான அர்த்தம். நான் ஏணி மேல நின்னேன் அண்ணா. நீங்க நேரே சொல்லியிருந்தா விழுந்திருப்பேன். எறங்கி உக்காரதுக்கு நேரம் கெடச்சுது.”

“வெள்ளம் நல்லா கெடக்கு” என்றேன்.

“கெடக்கு” என்றான்.

எமிலி சிஸ்டர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதும் போன் செய்தால் என்ன கறி என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஆம்னியை யாரோ கோழி ஏற்ற வாங்கிப் போனார்கள். சிதறால் மலையடி மரநிழலில் அதை நிறுத்திப் பொதிச்சோறு பிரித்த மதியங்கள், டேஷ்போர்டுக்குள் எங்கள் இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று முட்டிக் கிடந்த சத்தம், இதெல்லாம் தேங்காய் துருவும்போது வந்து நிற்கிறது.

ஷீபாவிடம் இந்தக் கதையைப் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் அவளுக்கு வண்டி வந்துவிட்டது. நேற்று முற்பகல் போன் செய்தாள். குரல் கீழே கிடந்தது.

“அண்ணா, ஒரு வீட்டு முன்ன நிக்கேன். ஏழு வயசுப் பிள்ள. அப்பாவும் அம்மையும் வாசல்ல வந்து நிக்காவ. எனக்கு காலு உள்ள போகல்ல.”

“கிணறு உண்டான்னு கேளு.”

“பாத்தாச்சு. கிணறு இல்ல, போர்வெல்லுதான்.”

“அப்பம் மோட்டார் எப்பிடி ஓடுதுன்னு கேளு மக்கா. ஆனா உக்காந்துட்டுக் கேளு.”